சிறு கல்லூரிக்குத் தொழிலதிபர் கொடுக்கும் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் தாலுகாவில் ஒரு சிறிய கலை, அறிவியல் கல்லூரியின் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவர் சங்கத்தின் ரசீதுப் புத்தகம் என் மேசையில்தான் கிடக்கிறது. எங்களிடம் படித்து, இன்று ரப்பர் பொருள் கம்பெனி நடத்தும் ஒருவர் கல்லூரிக்கு உதவ முன்வந்ததிலிருந்து கேள்விகள் என்னைத் துரத்துகின்றன. கல்யாண வீட்டில் இலை போட்ட பிறகும் விடுவதில்லை. பெற்றோர், ஆசிரியர், கொடுக்க நினைக்கும் வேறு ஆலைக்காரர்கள், அவர்களுடைய ஆடிட்டர்கள் என்று எல்லோரும் ஒரே சந்தேகங்களையே கேட்பதால் எழுதிவைத்துவிட்டேன். கல்லூரியின் பெயரும் அவர் பெயரும் இதில் இல்லை, அவர் விரும்பவில்லை.

வருமான வரியைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. நன்கொடை கொடுத்தவருக்கு வரிச்சலுகை தரும் பிரிவு எல்லோர் வாயிலும் 80ஜி என்றே பழகிவிட்டதால் நானும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களையே சொல்கிறேன்.

அரசு உதவி பெறும் கல்லூரிதானே? சம்பளத்தை அரசு கொடுக்கிறது. பிறகு எதற்கு ஊரெல்லாம் கேட்கிறீர்கள்?

அரசு சம்பளம் கொடுப்பது அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு மட்டும். பெரும்பாலான உதவி பெறும் கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவு என்று ஒன்றும் கூடவே இயங்குகிறது. அடுத்தடுத்த வகுப்பறைகளில் பாடம் நடத்தும் இருவரில் ஒருவருக்கு அரசுச் சம்பளம், மற்றவருக்கு மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்து நிர்வாகம் கொடுக்கும் சம்பளம். இரண்டாமவரின் தொகையை இங்கே எழுதினால் சங்கடப்படப்போவது அவர்தான் என்பதால் விட்டுவிடுகிறேன்.

மின்கட்டணம், ஆய்வகத்துக்கு வேண்டிய வேதிப்பொருள், நூலகத்துக்கு இதழ்கள் என்று மற்ற செலவுகளும் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஆனி, ஆடியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை என்று கூரை வருடத்துக்கு இரண்டு பரீட்சை எழுதுகிறது. கட்டணத்தை ஏற்றிச் சமாளிக்கலாமே என்பார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர், முந்திரி ஆலைக்குப் போகிறவர், கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகள்தான் எங்கள் வகுப்புகளில் பாதிக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழகத்திலேயே முதலிடம். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப ஆசைப்படாத வீடு இங்கே அபூர்வம். கட்டண நாளன்று கம்மல் அடகுக்குப் போகும் வீடு அபூர்வம் இல்லை.

பெரிய தொழிலதிபர் என்கிறீர்கள், பன்னிரண்டு லட்சம்தான் கொடுத்தாரா?

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சி.எஸ்.ஆர். நிதி என்கிறோம். சராசரி லாபம் 6 கோடி என்றால் இரண்டு சதவீதம் 12 லட்சம். தொழிற்சாலையின் மதில் நீளத்தை வைத்து ஊர் போடும் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு. அந்தப் பன்னிரண்டு லட்சத்துக்கும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குளம் தூர்வாருவது என்று ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள். முதல் ஆண்டில் முழுவதையும் எங்களுக்கே கொடுத்தார்.

“வரியை மிச்சம் பிடிக்கத்தான் கொடுக்கிறார்” என்பதும் தவறு. சி.எஸ்.ஆர். செலவைத் தொழில் செலவாகக் காட்டி லாபத்தில் கழிக்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

எங்களுடையது முந்திரி ஆலை. நானும் மைத்துனரும் கூட்டு. எங்களுக்கும் இந்த இரண்டு சதவீதம் உண்டா?

இல்லை. சட்டம் கம்பெனியாகப் பதிவானவற்றுக்கு மட்டுமே. கூட்டு வணிகமும் தனி உரிமையாளர் நடத்தும் தொழிலும் எத்தனை லாபம் பார்த்தாலும் இதற்குள் வராது. நம் பக்கத்து ஆலைகள் பல இந்த வகைதான். மனம் இருந்தால் கொடுக்கலாம், 80ஜி சலுகை பெறலாம். கட்டாயமில்லாத பணத்துக்கு ஒரு தனி மதிப்பும் உண்டு. கீழே வைப்பு நிதி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

காசோலையை யார் பெயரில் எழுதுவது? முதல்வர் பெயரிலா, சங்கத்தின் பெயரிலா?

எந்தத் தனி மனிதர் பெயரிலும் எழுதாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். கல்லூரியை நடத்துவது ஒரு அறக்கட்டளை அல்லது பதிவு பெற்ற சங்கம். ரசீது அதன் பெயரில்தான் வரும்.

சி.எஸ்.ஆர். பணமாக இருந்தால் இன்னொரு படி இருக்கிறது. பணத்தைப் பெற்றுச் செலவு செய்யும் அமைப்பு, 2021 ஏப்ரல் முதல், மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் மூலம் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். வருமான வரித்துறையில் அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ பதிவும், 80ஜி பதிவும், இதே போன்ற பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். நாங்கள் இடறி விழுந்த இடம் இதுதான். பழைய மாணவர் சங்கம் இருபது வருடமாக டீயும் பிஸ்கட்டுமாகக் கூடிக்கொண்டிருந்தது. முறைப்படி பதிவு செய்தது அண்மையில்தான். கம்பெனியின் ஆடிட்டர் ஒரே தொலைபேசி அழைப்பில் எங்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டார். கடைசியில் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை வழியாகவே பணம் வந்தது.

அண்ணாச்சி, ரொக்கமாகத் தரட்டுமா? சுலபமாக இருக்குமே.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை கிடையாது. பெயர் சொல்லாமல் கொடுக்கிறேன் என்றால் சங்கடம் எங்களுக்கு. பெயர், முகவரி பதிவில் இல்லாத நன்கொடைக்கு, ஒரு வரம்புக்கு மேல், வாங்கிய அமைப்பு 30 சதவீத வரி கட்ட வேண்டியிருக்கும். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் சொல்லுங்கள், பலகையில் போட மாட்டோம். பதிவேட்டில் போடாமல் இருக்க முடியாது.

80ஜி என்றால் கொடுத்த பணம் முழுவதும் வரியில் திரும்பி வந்துவிடுமா?

இந்த நம்பிக்கையை யார் பரப்பினார்களோ தெரியவில்லை. ஒரு லட்சம் கொடுத்தால், அதில் பாதியான 50,000 ரூபாய் உங்கள் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். முப்பது சதவீத வரி கட்டுகிறவருக்கு மிச்சம் 15,000 ரூபாயும், மேல்வரியில் சிறிது குறைவும். மீதி 85,000 உங்கள் கையை விட்டுப் போனதுதான். உங்கள் மொத்த வருமானத்தில் பத்து சதவீதம் வரையிலான நன்கொடைதான் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அதுவும் இல்லை. பொருளாகக் கொடுத்தால், அதாவது பழைய கணினி, மேசை நாற்காலி போன்றவற்றுக்கு, சலுகையே கிடையாது.

வெறும் ரசீது போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். நாங்கள் மே 31-க்குள் வருமான வரித்துறைக்கு நன்கொடையாளர் பட்டியல் அனுப்பி, 10பிஇ என்ற சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். உங்கள் பான் எண்ணில் ஓர் எழுத்துப் பிசகினாலும் ஜூன் மாதம் என் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்.

என் தம்பி துபாயில் இருக்கிறான். அவன் அனுப்பினால் வெளிநாட்டுப் பணம் என்று பிரச்சினை வருமா?

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. உங்கள் தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறாரா? அப்படியானால் தாராளமாக அனுப்பலாம். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவது, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை மட்டும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்புவது வேறு. பிறந்தது தக்கலையாக இருந்தாலும், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்கும் அமைப்புக்கு அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் புது டில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். “தம்பி கணக்கில் போட்டு அவன் பெயரில் அனுப்பிவிடுகிறேன்” என்று ஒருவர் சாமர்த்தியம் பேசினார். வேண்டாம் என்று கைகூப்பினேன்.

அப்பா பெயரில் ஒரு கட்டடம் கட்டித் தரலாம் என்று நினைக்கிறேன். எவ்வளவு ஆகும்?

எவ்வளவு ஆகும் என்று சொல்வதற்கு முன் ஒரு பூட்டின் கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆலை முதலாளி எங்களுக்கு இருபது கணினிகள் வாங்கிக் கொடுத்து, அறைக்கு ஏ.சி.யும் போட்டுக் கொடுத்தார். திறப்பு விழாவில் நாதஸ்வரம் வைத்தோம். முதல் மாத மின்கட்டணம் வந்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்றாவது வருடம் யூபிஎஸ் பேட்டரிகள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. மாற்றுவதற்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. ஐந்தாவது வருடம் அறையைப் பூட்டினோம். அந்தச் சாவி என் இழுப்பறையில்தான் கிடந்தது. கொடுத்தவர் எப்போதாவது கல்லூரிப் பக்கம் வந்தால், அவர் அந்த வராந்தா வழியாகப் போய்விடாமல் பேச்சுக் கொடுத்து வேறு பக்கம் அழைத்துப் போவது என் வேலையாக இருந்தது. பிழை அவருடையது இல்லை. வாங்கும்போது “இதை ஓட்டுவதற்கு யார் பணம்?” என்று கேட்காத எங்களுடையது.

அதனால் இப்போது எங்கள் வழக்கம் இது: கட்டடமோ கருவியோ கொடுக்கிறவரிடம், அதைப் பராமரிக்கும் பணத்துக்கும் வழி கேட்போம். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்பார்கள். பார்க்க வேண்டும், ஏனென்றால் தீவனம் போடப்போவது நாம்.

ரப்பர் கம்பெனிக்காரரும் முதலில் அப்பா பெயரில் கலையரங்கம் என்றுதான் வந்தார். முதல்வர் அவரை உட்காரவைக்காமல் கல்லூரியைச் சுற்றிக் காட்டினார். பெண்கள் கழிப்பறை வாசலில் இடைவேளை நேரத்து வரிசையைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றுவிட்டது. தம் காலத்திலும் கழிப்பறை அதே இடத்தில், அதே எண்ணிக்கையில்தான் இருந்தது என்றார். பன்னிரண்டு லட்சத்தில் 5,25,000 ரூபாய் கழிப்பறைக்கும் குடிநீருக்கும், 6,75,000 ரூபாய் மாணவர் உதவித்தொகைக்கும் என்று அன்று மாலையே முடிவானது. பிறகு ஒரு சிக்கல்: கழிப்பறையில் அப்பா பெயரைப் போடுவதா? அவர் சிரித்துவிட்டு, உதவித்தொகைக்கு அப்பா பெயர் இருக்கட்டும் என்றார். பராமரிப்புக்காகத் தம் சொந்தப் பணத்திலிருந்து 5 லட்சம் தனியாகக் கொடுத்தார். ஏழு சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 35,000 ரூபாய். துப்புரவுக்கும் குழாய் பழுதுக்கும் அது போதுமானதாக இருக்கிறது. ஒருநாள்கூட அந்தக் கதவுகளுக்குப் பூட்டுப் போடவில்லை.

பராமரிப்புப் பணத்தைக் கம்பெனிக் கணக்கிலிருந்து கொடுக்காமல் சொந்தப் பணத்தில் ஏன் கொடுத்தார்?

சி.எஸ்.ஆர். பணத்தை வைப்பு நிதியாகப் போட்டு வட்டியை மட்டும் எடுத்துச் செலவிட முடியாது என்பதால். 2021 ஜனவரி 22-இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, ஓர் அமைப்பின் மூலதன நிதிக்குக் கொடுப்பதை சி.எஸ்.ஆர். செலவாக ஏற்பதில்லை. முந்திரி ஆலைக்காரரிடம் நான் சொன்ன தனி மதிப்பு இதுதான். உங்கள் பணத்தை நாங்கள் வைப்பு நிதியில் போடலாம், நீங்கள் இல்லாத காலத்திலும் அது வட்டி தரும். பெரிய கம்பெனியின் பணத்தால் அது முடியாது.

அம்மா நினைவாகப் பதக்கம் வைக்க வேண்டும். ஒரு லட்சம் போதுமா?

அலுவலகப் பழைய பதிவேட்டில் 1990-களில் பத்தாயிரம், இருபதாயிரம் என்று வைத்த பரிசு நிதிகள் வரிசையாக இருக்கின்றன. அப்போது வங்கி வட்டி ஏறக்குறைய 12 சதவீதம். பத்தாயிரத்துக்கு 1,200 ரூபாய் கிடைத்தது, அதில் ஒரு வெள்ளிப் பதக்கத்துக்குத் தங்க முலாம் பூசி விழா நடத்தலாம். பிறகு வட்டி இறங்கியது, தங்கமும் வெள்ளியும் ஏறின. வெள்ளி பித்தளையானது. பித்தளை போய் இப்போது சான்றிதழ் மட்டும். சான்றிதழ் அச்சடிக்கும் செலவும் வட்டியும் சரிக்குச் சரி.

ஆகவே தொகையைவிட நிபந்தனை முக்கியம். வட்டியில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அசலோடு சேர்க்க வேண்டும் என்று எழுதுங்கள். பரிசு நடத்த முடியாத அளவுக்கு நிதி சுருங்கினால் வேறு நிதியோடு இணைத்து, உங்கள் அம்மா பெயரை அதில் தக்கவைக்கலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். ஒரு லட்சத்தில் தொடங்கலாம். பதக்கத்துக்குப் பதிலாக ஒரு மாணவியின் தேர்வுக் கட்டணம் என்று வைத்தால் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அம்மா உங்களுடையவர், முடிவும் உங்களுடையது.

எங்கள் கம்பெனிப் பெயரைப் பெரிதாகப் போடுவீர்களா? அதற்கு ஜிஎஸ்டி உண்டா என்று ஆடிட்டர் கேட்கிறார்.

நன்றி தெரிவித்துப் பெயர்ப்பலகை வைப்பதற்கு ஜிஎஸ்டி கிடையாது. 2019 அக்டோபர் 11-ஆம் தேதியிட்ட 116/35/2019 எண் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாக்கியிருக்கிறார்கள். பலகை விளம்பரமாக மாறினால் கதை மாறும். “இன்னார் அன்பளிப்பு” என்பது நன்றி. “இன்னார் கையுறைகளையே வாங்குங்கள்” என்பது வியாபாரம். சி.எஸ்.ஆர். விதிகளும் பொருளுக்கு விளம்பரம் தேடும் செலவை ஏற்பதில்லை. அளவைப் பொறுத்தவரை, கல்லூரியின் பெயரைவிடப் பெரிதாக யார் பெயரும் இருக்காது.

பணம் கொடுத்தால் என் மகளுக்கு பி.காம். இடம் கிடைக்குமா?

கிடைக்காது. சேர்க்கைக்காக நன்கொடை வாங்குவதைத் தடுக்க 1992-இலேயே தமிழ்நாடு சட்டம் போட்டுவிட்டது. பதிலுக்கு ஒன்றைப் பெற்றுக்கொண்டு கொடுப்பது நன்கொடை ஆகாது என்பதால் 80ஜியும் போகும். மே, ஜூன் மாதங்களில் புதிதாக யாராவது வள்ளல் தோன்றினால், ஆகஸ்டில் வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். இதுவரை ஒருவர்தான் ஆகஸ்டில் திரும்பி வந்தார்.

புதுமைப் பெண் திட்டத்தில் அரசே மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறதே, பிறகு உதவித்தொகை எதற்கு?

2022 செப்டம்பரில் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன். இரண்டும் மாதம் 1,000 ரூபாய், இரண்டும் நல்ல திட்டங்கள். அரசுப் பள்ளியிலும், பிறகு சேர்க்கப்பட்ட அரசு உதவி பெறும் பள்ளித் தமிழ் வழியிலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் கூலி வேலைக்குப் போகிறவரும் கடன் வாங்கியாவது பிள்ளையை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பியிருப்பார். இடையில் ஒரு வருடம் எல்லைக்கு அப்பால், கேரளத்தில் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்கள் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். எங்கள் உதவித்தொகைக் குழு முதலில் பார்ப்பது இவர்களைத்தான். அரசுப் பணம் வரும் பிள்ளைக்கு இரண்டாவது தடவை கொடுப்பதைவிட இது முறை.

எங்கள் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கலாமா?

சொந்தப் பணம் என்றால் பேசலாம். சி.எஸ்.ஆர். பணம் என்றால் முடியாது. தன் ஊழியர்களுக்காக மட்டும் செய்யும் செலவை விதிகள் சமூகப் பணியாக எண்ணுவதில்லை. எல்லோருக்கும் பொதுவாக அறிவித்து, அதில் தொழிலாளர் பிள்ளையும் விண்ணப்பித்துத் தேர்வானால் தடை இல்லை.

எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு மட்டும், எங்கள் சமுதாயப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதலாமா?

இதை நேரில் யாரும் உரக்கக் கேட்பதில்லை, தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். நம் மாவட்டத்துக் கல்லூரிகள் பலவும் ஏதோ ஒரு சபையோ சமுதாயமோ வியர்வை சிந்திக் கட்டியவை. அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் குறிப்பிட்ட மதத்தாரின் அல்லது சாதியாரின் நலனுக்கென்றே இயங்கும் அமைப்புக்கு 80ஜி கிடைக்காது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலன் என்பதற்குச் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. “கடற்கரைக் கிராமத்து மாணவிகள்”, “தந்தையை இழந்தவர்கள்” என்று தேவையை வைத்து எழுதித் தாருங்கள். நீங்கள் நினைத்த பிள்ளையும் அதில் வந்துவிடும், நினைக்காத பிள்ளையும் வரும்.

இவ்வளவு கொடுக்கிறார், ஆட்சிக்குழுவில் ஓர் இடம் கேட்டால் தப்பா?

கேட்பது தப்பில்லை. 1976-ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கல்லூரிக் குழு ஒன்று உண்டு. அதில் யார் இருக்க வேண்டும் என்பதை ரசீதுப் புத்தகம் தீர்மானிக்காது. ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைப்போம். ஆசிரியர் நியமனத்திலும் மாணவர் சேர்க்கையிலும் அவர் குரல் நுழையக் கூடாது.

இதைவிட யாரும் கவனிக்காத பள்ளம் ஒன்று இருக்கிறது. பெருந்தொகை கொடுத்தவரையும் அவர் குடும்பத்தையும் வருமான வரிச் சட்டம் அறக்கட்டளையின் தொடர்புடையவர்களாகப் பார்க்கிறது. அவர் மருமகனுக்குக் கேன்டீனைக் குறைந்த வாடகைக்கு விட்டாலோ, அவர் கம்பெனியிடம் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்துப் பொருள் வாங்கினாலோ, கல்லூரியின் வரிவிலக்குக்கே ஆபத்து.

கூலியைச் சரியாகக் கொடுக்காதவர் என்று ஊரே பேசுகிறது. அவர் பணத்தையும் வாங்குவீர்களா?

இதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் என்னிடம் இல்லை. ஒருமுறை அப்படி ஒருவர் வந்தார். குழுவில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள், மூன்று பேர் வாங்கலாம் என்றார்கள். வாங்கலாம் என்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. பணத்துக்கு வாசனை கிடையாது, பிள்ளைகளுக்காவது பயன்படட்டும் என்றார்கள். நான் வேண்டாம் என்ற பக்கம். ஆலையில் முந்திரி உடைத்துத் தோல் எரிந்த கையோடு வரும் தாயின் மகள் எங்கள் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தாய்க்குக் கொடுக்காமல் நிறுத்திய கூலியை அவளுக்கே உதவித்தொகை என்று நீட்ட எனக்குக் கை வராது.

பேச்சை மட்டும் நம்பி ஒருவரை ஒதுக்குவதும் நியாயமில்லை. அதனால் இப்போது ஒரு வரி வைத்திருக்கிறோம்: கூலி அல்லது வருங்கால வைப்பு நிதி பாக்கிக்காக வழக்கு நிலுவையில் இருப்பவரிடம், அது முடியும்வரை வாங்குவதில்லை.

கல்லூரிக்கு ஒட்டிய எங்கள் தோப்பைக் கொடுக்க அப்பா ஆசைப்படுகிறார். வாய்மொழியாகச் சொன்னால் போதாதா?

போதாது. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்க இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்த பத்திரம் வேண்டும். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே நாங்கள் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். குடும்பத்தில் மற்றவர்களுக்குப் பங்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அத்தைகளைக் கேட்டீர்களா?

உயிலில் எழுதிவைக்கலாம் என்றால், நிறைவேற்றப் போகிறவர் யார் என்பதை யோசியுங்கள். பச்சையப்ப முதலியார் 1794-இல் கோயில் தர்மங்களுக்குப் பெருஞ்சொத்தை எழுதிவைத்துவிட்டு இறந்தார். சொத்து பொறுப்பாளர்களிடமும் வழக்குகளிலும் சிக்கிக்கொண்டது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் தலையிட்டு மீட்ட நிதியில் பள்ளிக்கூடம் தொடங்கியது 1842-இல். நடுவில் போனது 48 வருடம்.

நான் தொழிலதிபர் இல்லை. மாதம் இருநூறு ரூபாய் கொடுத்தால் வாங்குவீர்களா?

கன்னியாகுமரிக் கடலுக்குள் நிற்கும் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்துக்கு ஏக்நாத் ரானடே நாடு முழுவதும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாகவும் திரட்டினார், 1970-இல் திறந்தார்கள். இருநூறு ரூபாய்க்கு நான் ரசீது எழுத மாட்டேனா? எங்கள் சங்கத்தில் இப்போது பஸ் நடத்துநர், தோவாளைப் பூ வியாபாரி, நர்ஸ் என்று பலரும் மாதாமாதம் போடுகிறார்கள்.

அவர் தொழில் நாளை நொடித்துப்போனால், பாதியில் படிக்கும் பிள்ளைகளின் கதி?

உதவி தொடங்கியபோது என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது. வெளிநாட்டுக் கச்சா முந்திரியை நம்பி ஓடும் ஆலைகள் ஒரு வருட விலை வீழ்ச்சியில் மூடியதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரப்பரும் ஒன்றும் நிலையான பொருள் இல்லை. கோவையில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் 1926-இல் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது தர்மத்துக்கும் ஒரு பங்கை வெட்டி எடுத்து வைத்தார்கள். தொழில் ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பங்கு தனி.

எங்களால் முடிந்த அளவில் அதையே செய்தோம். உதவித்தொகையை ஒரு வருடக் கொடையாக எழுதாமல், தொடர் திட்டமாக எழுதச் சொன்னோம். அப்படி எழுதினால், அந்த நிதியாண்டில் செலவாகாத தொகையைக் கம்பெனி ஆண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுகளுக்குள் அதே திட்டத்துக்குச் செலவிட வேண்டும். வேறு எதற்கும் எடுக்க முடியாது. ஒரு பிள்ளைக்கு வருடம் 25,000, மூன்று வருடத்துக்கு 75,000. மேலே சொன்ன 6,75,000 ரூபாயில் ஒன்பது பேர். முழுப் படிப்புக்கும் பணம் ஒதுக்கியான பிள்ளையை மட்டும்தான் பட்டியலில் சேர்க்கிறோம்.

பத்தாவதாக விண்ணப்பித்தவள் மணவாளக்குறிச்சிப் பக்கத்துப் பெண். அவளிடம் இல்லை என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இப்போது அவளுடைய பருவக் கட்டணத்தைச் சங்கத்தின் இருநூறு ரூபாய்க்காரர்கள் கட்டுகிறார்கள். இரண்டு பருவத்துக்குக் கையில் இருக்கிறது; இன்னும் நான்கு பருவம் பாக்கி.